முத்தலிபு நானாவின் இடது பக்கப் பள்ளம்

நான் மண்டையோடு வரைகிறவள். புத்தளத்தில், என் வீட்டு முன்னறையில், கணினியில். இதைச் சொன்னால் கலியாணம் பேசி வருகிறவர்கள் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுகிறார்கள். போகட்டும்.

பள்ளிவாசல்துறை முத்தலிபு நானா வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது கயிறு அறுந்து, கட்டையொன்று வலது பக்கத் தலையில் அடித்தது. உடைந்த எலும்பை டொக்டர் எடுத்துவிட்டார். அந்த இடத்தை மூட, அவருடைய தலைக்கென்றே ஒரு டைட்டானியத் தகட்டை வடிவமைப்பது என் வேலை. ஸ்கேன் படத்தில் நல்ல பக்கத்தை எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டி மறுபக்கத்தில் பொருத்துவோம். ஆனால் நானாவின் நல்ல பக்கத்திலும் ஒரு பள்ளம் இருந்தது. புரட்டினால் தகட்டிலும் அதே பள்ளம் விழும். பிறவிப் பள்ளமென்றால் அது சரி; அடிபட்டதென்றால் பிழை.

"பிறவியா, அடிபட்டதா? வீட்டு ஆட்களிட்ட கேளுங்க," என்றார் டொக்டர். அன்று பின்னேரத்துக்குள் தகட்டின் படத்தை அனுப்ப வேண்டும். தகடு செய்த பிறகு மாற்ற முடியாது.

நான் அழைத்ததும் நானாவும் மனைவி ஃபாஹிமாவும் தாயார் சாரா உம்மாவும் பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள்.

"அது அவன்ட வாப்பாட தல, மகள்," என்றார் சாரா உம்மா. "ஏழாம் நாள் முடி எறக்கக்குள்ளயே பாத்தன். ரெண்டு பக்கமும் இருந்திச்சி. ரெண்டு பக்கமும் வைங்க."

ஏழு நாள் குழந்தையின் தலை இன்னும் நினைவிருக்கிறதாம்! எனக்கு நேற்றுச் சாப்பிட்ட கறியே நினைவில்லை.

"ஓம், பிறவிதான்," என்றார் நானா, அவசர அவசரமாக. ஃபாஹிமா முகம் துடைக்கும் லேஞ்சியைக் கையில் பிழிந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா, படத்தைப் பாத்தா அடிபட்ட மாதிரி இருக்கு. இல்லாத பள்ளத்தை வெச்சா மௌத்தாகும்வரை அதோடதான் திரியணும்."

"எனக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. வைங்க."

"வைக்க வாணாம்!" ஃபாஹிமா எழும்பிவிட்டார். "எனக்காக இன்னொரு பள்ளமும் சுமப்பீங்களா? மாமி, அது நான் செஞ்ச வேல. கலியாணம் முடிச்ச வருசம், நீங்க பெருநாளைக்கு மரத்துலயே விட்டு வெச்சிருந்த எளநிக் கொலயில கொக்கத்தடியால ஒண்ட இழுத்தன். இவர் கீழ நிண்டார். நேரா தலையில விழுந்திச்சி. நீங்க ஏசுவீங்கண்டு ரெண்டு பேரும் மறைச்சிட்டம்."

மனைவி ஏச்சு வாங்கக் கூடாதென்று தலையில் பொய்ப் பள்ளம் வாங்கத் துணிந்த ஆளை நான் அதுவரை கண்டதில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. திரையில் தகட்டின் பள்ளத்தை நிரப்பினேன். தலை வடிவாக உருண்டு வந்தது.

சாரா உம்மா திரையையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த எளநியயாவது குடிச்சியா?"

"இல்ல மாமி. மயக்கம் தெளிஞ்சதும் இவருக்குத்தான் பருக்கினன்."

சாரா உம்மா கதிரையை இழுத்து மருமகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பெருநாளைக்கு ஒரு கொல உனக்கு," என்றார். "பறிக்கக்குள்ள இவன ஊட்டுக்குள்ள போட்டுப் பூட்டு."