தேன் ஊற்றும் பதம்

தேனை எப்போது ஊற்ற வேண்டும் என்பது நிப்றாசுக்குத் தெரியவில்லை. ஸ்ட்ரோபெரிப் பழங்களை இந்த வீட்டுக்கு எத்தனையோ தரம் அவன்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். நுவரெலியாவில் மரக்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, கந்தப்பளையில் தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் ஒரு பெட்டி வாங்கி, லொறியின் முன் சீற்றில் பிள்ளையை இருத்துவது போல இருத்திக்கொண்டு வருவான். மனைவி அஸ்பியா பெட்டியை வாங்கியதும் முகர்ந்து பார்ப்பாள். "இந்த முறை மழைத்தண்ணி குடிச்ச பழம்" என்பாள். அல்லது ஒன்றும் சொல்லாமல் சிரிப்பாள். அதன் பிறகு அவன் படுத்துவிடுவான். இரவிரவாக வண்டி ஓட்டி வந்தவனுக்குத் தூக்கம்தான் பெரிது. எழும்பும்போது ஜாம் போத்தலில் இருக்கும். நடுவில் நடந்ததை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆகவே இன்று பழத்தையும் தேனையும் ஒன்றாகவே சட்டியில் போட்டு, அடுப்பைக் கூட்டி வைத்தான். கொஞ்ச நேரத்தில் சட்டி பொங்கி, நுரை அடுப்பில் வழிந்து, தேன் கருகிய கசப்பு மணம் வீடு முழுக்கப் போனது.

"குசினிக்குள்ள என்னகா நடக்குது?" என்று ஹோலில் இருந்து மாமி பாத்தும்மா கேட்டா.

"வாப்பா ஜாம் செய்றாங்க" என்றது மகள் றிஸ்லாவின் குரல்.

"ஜாமா? நான் தார் காச்சி றோட்டுப் போடுறாராக்கும் எண்டு நெனச்சன்" என்று அறைக்குள் இருந்து பஸ்மினா சொன்னாள். அஸ்பியாவின் தங்கை அவள். அக்கா மவுத்தான பிறகு அந்த வீட்டில் ஒருவர் பகிடியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சொன்னவளே திடுக்கிட்டுப் போனாள்.

ஜாம் செய்யும் எண்ணம் நிப்றாசுக்கு இருக்கவில்லை. அஸ்பியாவை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோன நாளில் இருந்து அவன் லொறியில் ஏறவுமில்லை. காலையில் வீரமுனைக் கேதீஸ்வரன் கேற்றுக்கு வெளியே ஸ்ட்ரோபெரிப் பெட்டியோடு நின்றான். நிப்றாசும் அவனும் மாறி மாறி ஓட்டுவது ஒரே லொறி.

"கை பழக்கத்தில வாங்கிட்டுது நானா" என்றான் முகத்தைப் பார்க்காமல். "வேணாமெண்டாத் தாங்க, கொண்டு போறன்."

வாங்காமல் இருக்க முடியவில்லை. அஸ்பியா வைத்துவிட்டுப் போன கடைசிப் போத்தலை றிஸ்லா விரலால் வழித்து முடித்துவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பாணைத் தொடுவதே பெரிய பாடாகிவிட்டது. கடை ஜாமைப் பூசிக் கொடுத்தால், "இது சீனி" என்று தள்ளிவிடுவாள். பிள்ளையின் பால்பற்கள் கறுக்கத் தொடங்கியபோதுதான் அஸ்பியா சீனியை நிறுத்திவிட்டுத் தேனுக்கு மாறியிருந்தாள். பல் கிளினிக்கில் இருந்த மிஸ் சிரித்தா. "தேனும் இனிப்புத்தானேம்மா?" என்று கேட்டா. "அது மருந்து மிஸ். குர்ஆன்லயே இரிக்கி" என்றாள் அஸ்பியா. வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டிச் சிரித்தாள். பல் கறுப்பது நிற்கவில்லை. தேனும் நிற்கவில்லை.

பிள்ளை ஒரு துண்டுப் பாண் வயிறாரத் தின்னட்டும் என்றுதான் நிப்றாஸ் அடுப்பில் சட்டியை வைத்தான். அவன் மனம் என்னவோ சட்டியில் இல்லை. விடியற்காலை தொழுகை முடிந்து வந்தவனிடம் மாமி சொன்ன சொல் காதுக்குள் நின்றது.

"மகன், நாப்பதாங் கத்தமும் ஓதி முடிஞ்சிட்டு. ஒங்கட காக்கா ஜெஸீம் அஸருக்குப் பொறகு வேன் கொண்டு வாறாராம், ஒங்களக் கூட்டிப் போக. அதுக்கு முந்தி எனக்கு ஒரு சொல் சொல்லுங்க. பஸ்மினா இரிக்கிறா. புள்ளைக்கிச் சாச்சி. எங்கயோ இரிந்து ஒருத்தி வந்து எண்ட பேத்தியப் பாக்கிறதா? நீங்க ஓம் எண்டா, இந்த வீட்டுல இரிந்து ஆரும் எங்கயும் போகத் தேவையில்ல."

"பஸ்மினாட்டக் கேட்டீங்களா மாமி?"

"அவ நான் சொன்னாக் கேப்பா."

இந்தக் கிழக்குக் கரையில் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்ணுடையது. அவள் மவுத்தானால், வந்தவன் உடுப்பை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பிள்ளை தாயின் ஆட்களோடு இருக்கும். நிப்றாசின் தாய் வீடு நிந்தவூரில், பஸ்ஸில் ஏறினால் காலாறுவதற்குள் இறங்கிவிடலாம். ஆனாலும் றிஸ்லா தூங்கி எழும்புகிற வீட்டில் தான் இல்லாத ஒரு காலையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓம் என்று சொல்லிவிடுவதாகவே இருந்தான். அஸ்பியாவின் மையித்தைத் தூக்கிய தோள் இன்னும் ஆறவில்லை, இருந்தும் சொல்லத்தான் இருந்தான். பிள்ளைக்காக என்று தனக்கே பல தரம் சொல்லிக்கொண்டான்.

பஸ்மினா குசினி வாசலில் வந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, அடுப்பை எட்டிப் பார்த்தாள்.

"அத இறக்குங்க மச்சான். அது இனிச் சரிவராது. பழம் மிச்சமிரிக்கா?"

பெட்டியில் பாதி இருந்தது. அவள் உள்ளே வந்தாள். மாமிக்குத் தெரியும்படி ஹோல் பக்கத்துத் திரையைத் தள்ளி வைத்தாள். நிப்றாஸ் காம்பைக் கிள்ளினான், அவள் பழத்தைக் கையால் பிசைந்தாள். ஒரு பச்சை ஆப்பிளைத் துருவிப் போட்டாள். அரைத் தேசிக்காயைப் பிழிந்தாள். அடுப்பைச் சிறுத்து வைத்து மரக்கரண்டியால் கிண்டத் தொடங்கினாள்.

"தேன்?" என்றான்.

"அவசரப்படாதீங்க. ராத்தா இதுக்குத்தான் என்னையும் ஏசுவா."

பழம் மெல்லமாகக் குழைந்து, நுரை வெளுத்து, பிறகு அடங்கியது. குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த பீங்கானை எடுத்து அதில் ஒரு துளி விட்டு, நடுவால் விரலை இழுத்தாள். விரல் போன வழி மூடவில்லை. அடுப்பை நிறுத்தினாள். கரண்டியைக் கழுவி வைத்தாள். தேன் போத்தலின் மூடியைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"இப்ப ஊத்தலாமா?"

"இல்ல. ஆவி அடங்கணும். தேன் கொதிச்சா மருந்து செத்துப் போகுமாம். ராத்தாட கதை." ஆவி மெலிந்ததும் நூலாக ஊற்றினாள். "கடை ஜாம் மாதிரி இறுகாது. ஓடும். அதுதான் அவட ஜாம்."

அஸ்பியா பெட்டியை வாங்கிக்கொண்டு போன பிறகு இந்த வீட்டில் நடந்தது இதுதான் என்று அவன் இப்போதுதான் கண்டான். தான் தூங்கிய பகல்களை எல்லாம் நினைத்துக்கொண்டான்.

றிஸ்லாவைக் கூப்பிட்டுக் கதிரையில் ஏற்றி, பாண் துண்டில் பூசிக் கொடுத்தான். பிள்ளை ஒரு கடி கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். முகம் முழுக்க மலர்ந்தது.

"உம்மா வந்துட்டாவா?"



கதிரையில் இருந்து குதித்து ஓடினாள். படுக்கையறைக் கதவு அடித்த சத்தம் கேட்டது. பிறகு அலுமாரிக் கதவு, குளியலறைக் கதவு. "உம்மா! கண்டுட்டன்!" என்று சிரித்துக் கத்தினாள், ஒளித்துப் பிடித்து விளையாடும்போது கத்துவது போல. திரும்பி ஓடிவந்து பஸ்மினாவின் உடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஒளிச்சிரிக்கா? சொல்லுங்க சாச்சி."

"சாச்சிதான் செஞ்ச, மகள்" என்றான் நிப்றாஸ்.

"பொய். இது உம்மாட."

பாணையும் கையில் பிடித்துக்கொண்டு அவள் முற்றத்துக்கு ஓடினாள். ஹோலில் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது.

பஸ்மினா கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். மிகவும் மெதுவாகப் பேசினாள்.

"மச்சான், உம்மா ஒங்களிட்டக் கேட்டது எனக்குத் தெரியும். எனக்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலா. புள்ளைய முன்னுக்கு வெச்சிக் கேக்கிறா. அதுக்கு மாட்டன் எண்டா நான் என்ன மனிசி?"

"நீ என்ன சொல்ல வாறாய்?"

"எனக்கு ஏலா மச்சான். ராத்தாட அறையில, ராத்தாட சட்டியில… இப்ப பாத்தீங்கதானே. இண்டைக்கி அவள் ஓடி ஓடித் தேடுறாள். நான் இதையே செஞ்சிக் குடுத்திட்டு இரிந்தா, கொஞ்ச நாளையில என்னை உம்மா எண்டுவாள். தேட மாட்டாள். பொறகு ராத்தாவ ஆரு தேடுற?"

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க மாட்டன் எண்டு சொல்லுங்க. உம்மா திரும்பக் கேக்க ஏலாத மாதிரிச் சொல்லுங்க. நீங்க சொன்னா உம்மா என்னை ஒண்டும் கேக்கமாட்டா."

"சொன்னா நான் போகணும் பஸ்மினா. புள்ள இஞ்ச, நான் அங்க."

"தெரியும்" என்றாள். அவளது மூக்கு நுனி சிவந்திருந்தது. "தெரிஞ்சிதான் கேக்கிறன். என்னை ஏசுங்க."

ஏசவில்லை. முற்றத்துக்கு இறங்கினான். றிஸ்லா கேற்றுக் கம்பிகளுக்குள்ளால் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் குந்தினான். கடைசியாக ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தான். பிள்ளையே வருகிறேன் என்றால் மாமியின் காலில் விழுந்தாவது கேட்கலாம்.

"வாப்பாவோட நிந்தவூருக்கு வாறீங்களா மகள்? பெரியவாப்பா வேன் கொண்டு வாறார். அங்கேயே இரிப்பம்."

"உம்மா வந்து பாத்தா?"

"உம்மா அல்லாஹ்ட்டப் போயிட்டாதானே, கிளி."

"தெரியும்" என்றாள், விளங்காதவனுக்கு விளக்கம் சொல்வது போல. "போயிட்டு வந்துதானே ஜாம் செஞ்சிரிக்கா. நீங்களும் நுவரெலியாக்குப் போயிட்டு வாறதானே. திரும்பி வரக்குள்ள நான் இல்லாட்டித் தேடுவாவே வாப்பா."

அவள் வாயோரத்தைத் தன் சாரன் நுனியால் துடைத்துவிட்டான். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

அஸர் தொழுதுவிட்டு மாமி பாயிலேயே இருந்தா. நிப்றாஸ் வாசற்படியில் நின்றபடியே சொன்னான்.

"மாமி, அந்தக் கதை சரிவராது. எண்ட உம்மா வேற இடத்தில ஒரு பொண்ணு பாத்திரிக்கா."

பாத்தும்மா தலையைத் தூக்கினா. கேட்டது சரிதானா என்று அவன் முகத்தில் தேடினா.

"எண்ட புள்ளட மண் இன்னம் காயல்ல" என்றா. "நாப்பது முடிஞ்ச கையோட பொண்ணா? கத்தத்துல இரிந்து துஆக் கேட்டது அதுக்குத்தானா?"

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பஸ்மினா திரைக்கு இந்தப் பக்கம் வந்து வாயைத் திறந்தாள். நிப்றாஸ் தலையை மெல்ல அசைத்தான். அவள் அப்படியே நின்றாள்.

"புள்ள இஞ்சேயே இரிக்கட்டும் மாமி."

"பின்ன? வரப்போற சின்னம்மாக்காரியிட்டக் குடுத்துவிடுவன் எண்டா நெனச்சீங்க?" மாமி பாயைச் சுருட்டினா. சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் சொன்னா: "போங்க நிப்றாஸ்."

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளில் இருந்து மாமி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகன் என்றுதான் கூப்பிடுவா.

உடுப்புகள் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன. காக்கா ஜெஸீம் வேனைக் கேற்றடியில் நிறுத்திவிட்டு ஸலாம் சொன்னார். மாமி வாசலுக்கு வந்து பதில் ஸலாம் சொன்னா. "புதுப் பொண்ணு வீட்டாருக்கும் எண்ட ஸலாத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா. ஜெஸீம் விளங்காமல் தம்பியைப் பார்த்தார்.

பஸ்மினா றிஸ்லாவைக் கூட்டிக்கொண்டு கேற்றடிக்கு வந்தாள். நிப்றாஸ் பிள்ளையைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் கொஞ்சினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வருவேன் என்றான். அவள் தலையாட்டினாள், கீழே இறங்க நெளிந்தாள். இறக்கிவிட்டான். அழுதிருந்தால் தாங்கியிருக்க மாட்டான். அவள் அழவில்லை.

"மச்சான்" என்றாள் பஸ்மினா.

"உம்மாவப் பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான்.

வேன் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தான். றிஸ்லா கேற்றில்தான் நின்றாள். அவள் வேனைப் பார்க்கவில்லை. உம்மாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் இருந்து வருகிற பக்கத்து றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா பொண்ணு?" என்றார் ஜெஸீம். "ஆரு பாத்த? உம்மா படுக்கையால எழும்பியே இல்ல, அழுது அழுது. அவ எங்க போய்ப் பொண்ணு பாத்த?"

நிப்றாஸ் உடுப்புப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏன்டா அப்பிடிச் சொன்ன? இனி அந்த வீட்டுப் படி மிதிக்க விடுவாவா? புள்ளையக் கண்ணால காண வேணாமா ஒனக்கு?"

"ஓட்டுங்க காக்கா" என்றான்.