ஞாயிறுதோறும் நின்றுபோன கம்ப்யூட்டர்

வடக்கே, தமிழ் அரிதாகக் கேட்கும் கட்கியில், தேவநேசன் வீட்டில் எந்தப் புதுப் பொருளுக்கும் பிளாஸ்டிக் உறையை உரிக்கும் வழக்கமில்லை. டிவி ரிமோட் உறைக்குள் இருந்தபடியேதான் சேனல் மாற்றும். சோபா வாங்கி வருஷங்களாகியும் யார் உட்கார்ந்தாலும் சரக்கென்று ஒரு சத்தம் போட்டு ஆட்சேபிக்கும். "உரிச்சா பழசாயிரும்லா" என்பது ரயனின் அம்மா சத்தியவதியின் கட்சி. அப்பா தேவநேசனுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. வெடிக்காத எந்தக் கொள்கையும் அவருக்குச் சம்மதம்.

இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த ரயன், பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டினான். கடைசியில் திருகுகூட மிஞ்சவில்லை. விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் இன்ஸ்டால் போட்டால் மட்டும் பாதி வழியில் திரை கறுத்து, தானே அணைந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல முதலிலிருந்து தொடங்கியது. தன் கல்லூரிப் படிப்பும் அதே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது என்பதால் ரயனுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

கூடப் படித்த வைஷு ஒழுங்காகப் பாஸாகி, மேல்படிப்புக்கு ஜெர்மனி போய்விட்டாள். அவள் வீடு பக்கத்து ஊரான சிஞ்ச்வட்டில். வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். கேன்டீனில் வடா பாவ் தின்றுகொண்டே, எதிரே இருப்பவனை அவன் முகத்துக்கு நேராகத் தமிழில் கிழிக்கிற சுகம் அவள் படிப்பு முடியும்வரை நீடித்தது. சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ரயன் எந்த மொழியிலும் சொல்லவில்லை. ஏர்போர்ட் வரை போய், "சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

அப்புறம் மாதக்கணக்கில் அவளைக் கூப்பிட அவனுக்குக் காரணம் அகப்படவில்லை. கம்ப்யூட்டர் கெட்டது. காரணம் அகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வீடியோ கால். அங்கே அவளுக்குக் காலை. கம்பளிக்குள்ளிருந்து தலை மட்டும் தெரியும். முதல் வாரம், "பென்டிரைவை மாத்துடா" என்றாள். அடுத்த வாரம் ரேமை இடம் மாற்றச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் பவர் சப்ளையை யாரிடமாவது கடன் வாங்கிப் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"எல்லாத்தையும் இன்னிக்கே பாத்துட்டா என்ன?" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தான், அவள் ஒத்துக்கொண்டுவிடுவாளோ என்று பயந்தபடியே.

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். சேத்து மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாம போயிடும். அப்புறம் என்ன இன்ஜினியர் நீ?"

விஞ்ஞானத்தின்மேல் ரயனுக்கு அப்படி ஒரு மரியாதை அதுவரை வந்ததில்லை.

ஒரு புதன்கிழமை, சும்மா இருக்க முடியாமல், அவனே மூடியைத் திறந்து கூலரைக் கழற்றினான். புராசஸரின் சூட்டை வாங்கி வெளியே தள்ள வேண்டிய பொருள் அது. புரட்டிப் பார்த்தான். அடியில், சூடு போக வேண்டிய அதே இடத்தில், மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று பத்திரமாக ஒட்டியிருந்தது. பொருத்துமுன் உரிக்கவும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. ரிமோட்டையும் சோபாவையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

உரித்தான். இனி இன்ஸ்டால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

தாளைத் திரும்ப ஒட்டினான்.

அந்த ஞாயிறு வைஷு கம்பளிக்குள் இல்லை. தலை வாரி, மேஜைமுன் உட்கார்ந்திருந்தாள்.

"தேஜஸ்வினி போன் பண்ணினா. புராஜெக்ட் பார்ட்னர்னு உன்னைச் சேத்துண்ட பாவத்துக்கு அழறா. வர புதன்கிழமை சப்மிஷனாமே?"

"ஆமா."

"உன் மெஷின்லதான் ஓட்டணுமாமே?"

"ஆமா."

"கூலரைக் கழட்டு."

ரயன் கழற்றினான். கேமராமுன் புரட்டினான். "அரே! இங்க என்ன பிளாஸ்டிக்கு!" என்றான். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவனுக்கு வருஷா வருஷம் ஆட்டுக்குட்டி வேஷமே கொடுத்ததற்கு நியாயம் இருந்தது.

வைஷு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். "கோணலா இருக்கு. நடுவுல குமிழ் குமிழா இருக்கு. கம்பெனிக்காரன் இப்படியா ஒட்டுவான்?"

ரயன் கூரையைப் பார்த்தான்.

"எப்போ உரிச்சே?"

"போன புதன்கிழமை."

"ஏன் மறுபடி ஒட்டினே?"

பதிலுக்கு, வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் லோணாவளா லோக்கல் ரயில் ஒன்று நிதானமாகப் போனது. அது போய் முடியும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உரி. சூடு கடத்தற பழைய பேஸ்டைத் துடைச்சுட்டு, பட்டாணி அளவு புதுசு வை. பூட்டு."

பூட்டினான். இன்ஸ்டால் தொடங்கியது. இருபது சதவீதம். நாற்பது. போனைச் சாய்த்து வைத்து இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. இந்த ஒரு தடவை நின்றுவிடு என்று ரயன் மனதுக்குள் கேட்டுக்கொண்டான். இத்தனை வாரம் கெஞ்சியும் கேட்காத மெஷின் இன்றைக்கும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. எண்பது. நூறு. யாரோ எங்கேயோ எடுத்த மலைப்படம் ஒன்று திரை முழுக்க விரிந்தது.

"முடிஞ்சுடுத்து" என்றாள் வைஷு. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

"தேங்க்ஸ்."

"நீ முதல் வாரம் அனுப்பின போட்டோவுல, பூட்டறதுக்கு முன்னாடி கூலரைக் கையில வெச்சுண்டு பல்லைக் காட்டிண்டு நின்னியே. அதுலயே அந்தத் தாள் தெரிஞ்சது."

ரயனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப பென்டிரைவு? ரேமு? பவர் சப்ளை? அந்த கட்கி பஜார் கடைக்காரன்கிட்ட நான் எவ்ளோ கெஞ்சினேன் தெரியுமா?"

"இங்க ஒருத்தரும் தமிழ் பேசறதில்லைடா. ஞாயித்துக்கிழமை ரொம்ப சத்தமே இல்லாம இருக்கு. உங்காத்துல ஒரே இரைச்சல். அந்த ட்ரெயின், உங்கம்மா கத்தறது..." நிறுத்தினாள்.

பட்டியலில் தன் பேர் வருமென்று ரயன் காத்திருந்தான். வரவில்லை. ஆனால் பட்டியல் முடிந்தும் போகவில்லை. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியிலிருந்து சத்தியவதி குரல் கொடுத்தாள்: "ஏல, சோறு ஆறுது! அந்தப் பெட்டிய பொதைச்சிட்டாவது வால!"

வைஷு கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

"சரி, போய்ச் சாப்பிடு. எல்லாம்தான் சரியாயிடுத்தே."

"வைஷு."

"ம்."

ஏர்போர்ட்டில் சொல்லாதது தொண்டைவரை வந்து, அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கியது.

"ஒரு பிரிண்டர் வாங்கலாம்னு இருக்கேன்" என்றான்.

அவள் உடனே சிரிக்கவில்லை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள்.

"வாங்கு" என்றாள். "அது ஆயுசுக்கும் சரியா வராது."