டேப் சுற்றிய சென்சார்

தகடு அழுத்தும் பிரஸ் மெஷினைக் காலைக்குள் கழுவி வைத்திருந்தார்கள். ரத்தம் சிந்திய இடத்தில் சோப்புத்தூள் வாசனை அடித்தது. நேற்று இதே மெஷின்தான் சந்திரலேகாவின் இரண்டு விரல்களை நசுக்கியது. இன்று அதே இடத்தில் அவளுடைய ரூம்மேட் சுகப்பிரியாவை நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

மெஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் சென்சார் கம்பங்கள் இருக்க வேண்டும். ஒன்று ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவே கை நுழைந்தால் பிரஸ் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் டார்கெட் எப்படி முடியும்? அதனால் ஒரகடத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். கம்பங்களைக் கழற்றி, மெஷினுக்குப் பின்னால் எதிரெதிரே வைத்து டேப் சுற்றிவிடுவார்கள். அங்கே ஒளி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இங்கே யார் கை இருந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. ரத்தத்தைக் கழுவியவர்கள் அந்த டேப்பைத் தொடக்கூட இல்லை.

திருநெல்வேலியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது சுகப்பிரியா இந்த சென்சாருக்கு அடிப்படையான சோதனையைச் செய்திருக்கிறாள். ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் தெறிக்கும். விளக்குக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியைச் செருகினால், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் மின்னோட்டம் காட்டும் மீட்டரின் முள் அசையாது. அது ஏன் என்று கண்டுபிடிக்க எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதைக் கொண்டுவந்து இந்தப் பாவிகள் மூலையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் ரகுபதி வந்தார். "இன்னா பாத்துகினு நிக்கிற? ஓட்டு. எச்.ஆர். கேட்டா, அந்தப் பொண்ணு பராக்கு பாத்துகினு கைய வுட்டுச்சுன்னு சொல்லிடு."

"அவ பராக்குப் பாக்கல சார். சென்சார கெட்டி வச்சது நீங்க."

"எல்லா மெஷின்லயும் அப்டித்தாம்மா கீது. வேலை வேணுமா, வேணாமா?"

நேற்று ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி லைன் மொத்தமும் கத்தியது. அப்போதும் இந்த மனிதர் டார்கெட் போர்டைத்தான் பார்த்தார். எவ்வளவு கத்தியும் முள் அசையவில்லை.

சுகப்பிரியா டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கம்பங்களைப் பழைய இடத்தில் மாட்டித் திருகினாள். அவை இன்னும் வேலை செய்யுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. பெடலை மிதித்தாள். இரும்புத் தலை இறங்கத் தொடங்கியதும் கையை உள்ளே நீட்டினாள்.

பிரஸ் பாதியில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து மெஷின்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கைய எடு" என்றார் ரகுபதி.

கண்ணுக்குத் தெரியாத ஒளியின் குறுக்கே அவளுடைய ஐந்து விரல்களும் விரிந்திருந்தன. அவள் கையை எடுக்கவில்லை.