சளி எடுக்கும் வராந்தா

ஷாரோன் இருமுவது அந்த வெள்ளிக்கிழமைதான் என் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் பதினாறு நாள் இருமியிருக்கிறாள். லேபுக்கு வருகிறவர்கள் எல்லாரும்தான் இருமுகிறார்கள். இருமல் எனக்கு ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள், அஞ்சு மாசக் கர்ப்பிணி, இருமுகிறாள் என்பது என் மண்டையில் ஏறுவதற்குச் சாம்பிராணிப் புகை தேவைப்பட்டது.

எங்கள் லேப் தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது. கீழே மருந்துக்கடை, மாடியில் நாங்கள். கிழக்கே ரோட்டைப் பார்த்து வாசலும் நோயாளிகள் உட்காருகிற ஹாலும். ஹாலின் மேற்கு ஓரத்தில் ஷாரோனின் மேசை. பெயர், வயது, போன் நம்பர் கேட்டுப் பதிவது அவள் வேலை. மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு நடை நேராக மேற்கே போகும். நடையின் பாதியில் நான் டெஸ்ட் பார்க்கிற அறை. ஏ.சி. ஓடுவதால் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். நடையின் கடைசியில் கம்பி வலை போட்ட வராந்தா. சளி டெஸ்டுக்கு வருகிறவர்கள் அங்கே நின்றுதான் டப்பாவில் துப்புவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் அது லேபே இல்லை. யூரின் பாட்டில் கழுவுகிற தொட்டியில் டீ கிளாஸும் கழுவினார்கள். ரத்தம் எடுத்த ஊசி கேரி பையில் கிடந்தது. கெமிக்கல் வைக்கிற ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட் இருந்தது. சளி கொடுக்கிறவர்களைக் கக்கூசுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்து அதே கக்கூசுக்குள் போவது சுகர் டெஸ்டுக்கு வந்த யாராவது.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். அச்சன்புதூரில் வயல் வேலைக்குப் போகிற வீடு. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்காக நான் எம்.எல்.டி. படிக்கவில்லை. ஓனர் காமராஜ் அண்ணாச்சியோடு தினமும் சண்டை.

"அண்ணாச்சி, இது லேபா, டீக்கடையா?"

"டீ இல்லாம எவம்மா ரத்தங் குடுக்க வாரான்?" என்பார்.

மார்ச் மாசம் அவருக்கே அலுத்துவிட்டது. "சரிம்மா, எது எங்கன இருக்கணும்னு நீயே வரைஞ்சு குடு. அப்பிடியே செஞ்சிருவோம்" என்றார். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து வரைந்து கொடுத்தேன். ஊசி வெட்டுகிற மெஷின், கை கழுவத் தனித் தொட்டி, கழிவைப் பிரித்துப் போட மஞ்சள் பை சிவப்புப் பை எல்லாம் வந்தது. சொன்னால் சொன்னபடி செய்தார். அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, வருகிற மருந்துக் கம்பெனிக்காரனிடமெல்லாம் "நம்ம செல்வி போட்ட பிளான்" என்று காட்டினார்.

சளி எடுக்க மேற்கு வராந்தாவைக் குறித்ததும் நான்தான். திறந்த இடம், வெயில் படணும், ஆள் நடமாட்டம் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. மூன்றும் அங்கே இருந்தது. லேபைக் கூட்டித் துடைக்கிற ரெங்கம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் அந்த வராந்தாவில்தான் கங்கு மூட்டிச் சாம்பிராணி போடுவாள். மார்ச்சில் அந்தப் புகை பின்வீட்டு மாடிக்குப் போனது. காயப்போட்ட துணியெல்லாம் கோயில் வாசம் அடிக்குது என்று அந்த வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். "பாத்தீங்களா அண்ணாச்சி, காத்து வெளியதான் போவுது" என்று அதையே காட்டி நான் ஜெயித்தேன்.

இப்போது ஆடி மாசம். குற்றாலத்தில் சீசன். ஹாலில் உட்கார இடமில்லை. அருவியில் குளித்துவிட்டுக் காய்ச்சலோடு வந்தவர்கள் பாதி, ஸ்கேனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வந்த கர்ப்பிணிகள் பாதி. நான் ஒரு ரிப்போர்ட்டைக் கொடுக்க ஷாரோன் மேசைக்கு வந்திருந்தேன். அவள் முகத்தைச் சுற்றிப் புகை வந்தது. இருமினாள். நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"ரெங்கம்மாக்கா, எம் மூஞ்சிக்கு நேராவா புகையப் போடுவிய?"

ரெங்கம்மாளின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "நான் எங்கன போட்டேன்? நான் இன்னும் வராந்தாவுலதான நிக்கேன். காத்துல்லா கொண்டுட்டு வருது."

நான் திரும்பிப் பார்த்தேன். நடையின் அந்தக் கடைசியில் ரெங்கம்மாள் தூபக்காலோடு நிற்கிறாள். புகை வராந்தாவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நடைக்குள் நுழைந்து, சாத்திய என் கதவைத் தாண்டி, கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக ஷாரோனிடம் வந்தது. அவள் தோளுக்கு மேலே ஏறி, ஃபேனில் சிக்கி, ஹால் முழுக்க இறங்கியது. ஒரு கர்ப்பிணி அதைக் கையால் தன் முகத்துக்கு அள்ளி, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அதே வராந்தாவில்தான் சளி கொடுக்கிறவர்கள் நின்று இருமுகிறார்கள்.

வைகாசி கடைசியிலேயே காற்று திரும்பிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வருகிற காற்று. அதைச் சொல்ல டிகிரி வேண்டாம். நெல் தூற்றும்போது எந்தப் பக்கம் நிற்கணும் என்று ஆறு வயதில் எனக்குத் தெரியும். படித்த பிறகு தெரியவில்லை.

உள்ளே போய் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். டி.பி. கிருமி தெரிந்தால் சிவப்பு மையில் எழுதுவோம். காற்று திரும்பிய நாளிலிருந்து எண்ணினேன். பதினேழு சிவப்பு வரி. முதல் வரி புளியறைக்காரர், லாரி டிரைவர், மூணு பிளஸ், கிருமி கொத்துக் கொத்தாக இருந்தால் போடுகிறது. அவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. சளி வரவில்லை என்று கால் மணி நேரம் அந்த வராந்தாவில் நின்று இருமினார். "நல்லா ஆழமா இருமுங்க அண்ணாச்சி" என்று மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சொன்னது நான். நடையின் மறு கடைசியில் ஷாரோன் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

ரெங்கம்மாளிடம் வராந்தாக் கதவைப் பூட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். பூட்டுங்க என்றேன். பிறகு ஷாரோனை என் அறைக்குக் கூப்பிட்டேன்.

"எத்தன நாளா இருமல்?"

"ரெண்டு வாரம் இருக்கும். சாரல்ல எல்லாருக்கும் உள்ளதுதானட்டி."

"சாயங்காலம் காய்ச்சல் வருதா?"

"ஒடம்பு கதகதன்னு இருக்கும். மாசமா இருந்தா அப்பிடித்தான்னு அத்தை சொல்லுதாவ."

"எடை?"

அவள் சிரித்தாள். "போன மாசத்துக்கு இந்த மாசம் ஒரு கிலோ கம்மி. டாக்டரம்மா ஏசிட்டாவ. நீயும் ஏசு."

நான் ஏசவில்லை. டப்பாவை எடுத்து நீட்டினேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. இந்த டப்பாவை ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு எடுத்துக் கொடுப்பவள் அவள். அது எதற்கு என்று அவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

"இருமலுன்னா டி.பி.யா? ஒனக்கு எதப் பாத்தாலும் கிருமிதான்."

"இல்லன்னா இல்லன்னு ஆயிரும். பின்னால வண்டி நிறுத்துற எடத்துக்குப் போ. வராந்தா வேண்டாம்."

"வராந்தாவுக்கு என்ன?"

"போ ஷாரோன்."

அவள் கொண்டுவந்த சளியை நான் ஸ்லைடில் தடவிக் காயவைத்தேன். சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடு காட்டினேன். ஆசிட், பிறகு நீலம். கல்லூரியிலிருந்து இதுவரை ஆயிரம் ஸ்லைடு செய்திருப்பேன். அன்றைக்கு ஒரு ஸ்லைடு சிங்க்கில் விழுந்து உடைந்தது. இன்னொன்று செய்தேன்.

மைக்ராஸ்கோப்பில் நூறு இடம் பார்க்கணும். ஒவ்வொன்றும் ஒரு வட்டம். கிருமி இல்லாவிட்டால் வட்டம் நீலமாக இருக்கும். இருந்தால் அந்த நீலத்தில் சிவப்பாகச் சின்னச் சின்னக் குச்சி கிடக்கும். முதல் பத்து நீலம். இருபது, நீலம். வெளியே ஷாரோன் யாரிடமோ "வயசு சொல்லுங்க" என்று கேட்கிறது கேட்டது. பிறகு இருமல். சாத்திய கதவு வழியாகவும் கேட்டது. இத்தனை நாள் எப்படிக் கேட்காமல் போனது என்று நினைத்தேன். நினைத்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எனக்குச் சாமி கும்பிடத் தோன்றவில்லை. நீலமாகவே இரு, நீலமாகவே இரு என்று ஸ்லைடைத்தான் கெஞ்சினேன். முப்பத்தேழாவது வட்டத்தில் ஒரு சிவப்புக் குச்சி கிடந்தது. சாயத் தூசியாக இருக்கும் என்று ஃபோகஸைத் திருகினேன். தூசி இல்லை. நாற்பத்தொன்றில் இரண்டு. அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் எண்ணி முடிக்கணும் என்பதற்காக.

காமராஜ் அண்ணாச்சி கீழே மருந்துக்கடையில் இருந்தார். தனியாகக் கூப்பிட்டு ரிசல்ட்டைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரலைத் தாழ்த்தினார்.

"நீ சொன்ன எடத்துலதானம்மா வச்சேன்."

"ஆமா."

"சரி. நோயச் சொல்லு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, லீவு குடுக்கேன், செலவ நான் பாக்கேன். வராந்தாவப் பத்தி நீயா எதுக்கு வாயத் தொறக்க? பஸ்ல வந்திருக்கும். சர்ச்சுல வந்திருக்கும். கிருமி என்ன அட்ரஸ் எழுதிக்கிட்டா வருது?"

அதுதான் விஷயம். அவர் சொன்னது பொய் இல்லை. எங்கேயிருந்து வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இத்தனை நாள் இவரிடம் பால் பாக்கெட்டுக்குச் சண்டை போட்டவள் நான். இப்போது எனக்குக் கோபம் வரவே இல்லை. "அதுவும் சரிதான் அண்ணாச்சி" என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. ஷாரோனின் ஸ்லைடைவிட எனக்கு அந்த நிமிஷம்தான் அதிகப் பயமாக இருந்தது.

"ஹால்ல உக்காந்தவங்க இருக்காங்க. ரெங்கம்மாக்கா இருக்காங்க. காத்துன்னு சொல்லாம அவங்கள எப்பிடி டெஸ்டுக்குக் கூப்பிட?" என்றேன்.

"லேப மூடணும்மா."

"மூடுங்க."

"நீ போட்ட பிளான்தான்னு எல்லாரும் சொல்லுவான்."

"சொல்லட்டும்" என்று மாடிப்படி ஏறினேன்.

ஷாரோனுக்கு நல்ல மாஸ்க் ஒன்றைக் கொடுத்து, வண்டி நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். வேப்பமரம் ஒன்று நிற்கிறது. மேற்கே மலையில் மேகம் பாதி இறங்கியிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்.

"இருக்கா?"

"இருக்கு."

அவள் கை வயிற்றுக்குப் போனது. "பிள்ளைக்கு?"

"மாசமா இருக்கவங்களும் அந்த மருந்து சாப்பிடலாம். ஒரு நாளும் விடாம சாப்பிடணும். டாக்டர் சொல்லுவாங்க. நாளைக்குக் காலச் சளிய பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம், அங்க மெஷின்ல போட்டுப் பாப்பாங்க. நான் வாரேன்."

அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மிச்சத்தையும் சொன்னேன். புகை, நடை, காற்று திரும்பியது, பதினேழு சிவப்பு வரி, புளியறை டிரைவர், காலண்டர் தாள். பஸ்ஸிலும் வந்திருக்கலாம் என்பதை நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் எனக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அவள் மாஸ்க்குக்குள் மூச்சு போய் வருவது தெரிந்தது.

"அந்தத் தாள மார்ச்சுல எங்கிட்டதான் மொதல்ல காட்டுன" என்றாள். "நல்லா இருக்குட்டின்னு சொன்னேன்."

"ஆமா."

"நம்ம டேபிளுக்கு இனிமே நல்லா காத்து வரும்னு சொன்னேன்."

ஏசினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். அவள் ஏசவில்லை. மாடியைப் பார்த்து, "ரெங்கம்மாக்கா, ஒரு டப்பாவும் மார்க்கர் பேனாவும் போடுங்க" என்று குரல் கொடுத்தாள். குரல் கொடுத்ததில் இருமல் வந்தது. குனிந்து நின்று இருமி முடித்தாள். ரெங்கம்மாள் மாடி ஜன்னலிலிருந்து இரண்டையும் ஒரு கவரில் வைத்துக் கீழே போட்டாள். ஷாரோன் டப்பாவை வெளியே எடுத்து, பேனா மூடியைத் திறந்தாள்.

"பேரு?"

"ஏட்டி..."

"பேரச் சொல்லுங்க." தினமும் ஹாலில் கேட்கிற அதே குரல்.

"முத்துசெல்வி."

"வயசு?"

"இருபத்திமூணு."

"எத்தன நாளா இருமல்?"

"எனக்கு இருமல் இல்ல."

"காலையிலேருந்து தொண்டையச் செருமிக்கிட்டே இருக்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த நடையில நீயும்தான நடந்த? அப்புறம் ரெங்கம்மாக்கா, அப்புறம் அண்ணாச்சி. எல்லாரும் துப்புங்க."

டப்பாவின் பக்கத்தில் என் பெயரை எழுதினாள். அவள் கையெழுத்து நேராக இருந்தது. மூடியில் எழுதக்கூடாது, மூடி மாறிவிடும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"ஸ்லைட யாரு பாப்பா?" என்று கேட்டேன்.

"நீதான். இங்கன வேற யாருக்குத் தெரியும்?"

டப்பாவை வாங்கினேன். அவள் மேல் கை பட்டபோது சூடாக இருந்தது, அல்லது என் கை குளிர்ந்திருந்தது. மூடியைத் திறந்தேன். உடனே குனியவில்லை. என் ஷால் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தேன். கிழக்கே, ஷாரோன் நிற்கிற பக்கம் பறந்தது.

"நீ இந்தப் பக்கம் வா" என்றேன்.

அவள் என்னைச் சுற்றி வந்து, மலைக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். கிழக்கே ஆள் யாரும் இல்லை என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு ஆழமாக மூச்சை இழுத்து, இல்லாத இருமலை இருமினேன்.