ஆறு மணி நேரம்

ஆறாம் வகுப்பு அறையின் நான்கு சுவர்களையும் ஒட்டி, தரையோரமாக ஒரு செம்புக் கம்பி ஓடியது. பள்ளியின் ஆய்வக உதவியாளர் அதைத் தன் கையாலேயே பதித்திருந்தார். அந்த வகுப்பில்தான் அவருடைய மகள் படித்தாள். அவளுக்குக் காது முக்கால்வாசி கேட்காது.

காதில் மாட்டும் கருவி எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கிவிடும். ஐம்பது பேர் இருக்கும் அறையில் பெஞ்சு நகர்வதும் மின்விசிறி கடகடப்பதும் யாரோ இருமுவதும் சேர்ந்து டீச்சரின் குரலை விழுங்கிவிடும். கம்பியின் வழி வேறு. டீச்சர் கழுத்தில் மாட்டிய மைக்கிலிருந்து குரல் மின்சாரமாகக் கம்பிக்குள் சுற்றும். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். குரல் ஏறி இறங்க அதுவும் ஏறி இறங்கும். காதுக் கருவிக்குள் அரிசியளவு ஒரு சுருள் இருக்கிறது. பொத்தானை ஒரு பக்கம் தள்ளினால், அந்தச் சுருள் காந்தப்புலத்தை மட்டும் பிடித்து மறுபடி குரலாக்கித் தரும். பெஞ்சும் விசிறியும் வாயடைத்துப் போகும்.

"டீச்சர் என் காதுக்குள்ளயே உக்காந்து பாடம் நடத்துறாங்கப்பா" என்று மகள் சொன்ன அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சில மாதங்களில் பள்ளிக்கு ஒரே ஒரு தொடுதிரைப் பலகை வந்தது. எங்கே மாட்டுவது என்று தலைமையாசிரியை யோசித்தபோது இவர் முந்திக்கொண்டார்.

"ஆறாம் வகுப்புல மாட்டுங்க மேடம். டீச்சர் பேசப் பேச எழுத்தா வருமாம். விளம்பரத்துல போட்டிருக்கு."

"உங்க பொண்ணு வகுப்புக்கா? பத்தாம் வகுப்புக்காரங்க என்னை உரிச்சுடுவாங்க."

"இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல மேடம்."

கேட்டது கிடைத்தது. ரசீதிலும் அவரே கையெழுத்துப் போட்டார். பேச்சு எழுத்தாக மாற இணையம் வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பலகைக்கு இந்த ஆண்டு, இணையத்துக்கு அடுத்த ஆண்டு என்று மேலிடத்தில் பணத்தைப் பிரித்திருந்தார்கள். பளபளக்கும் பலகையில் ஒரு வட்டம் மட்டும் ஓயாமல் சுற்றியது.

"ஒயர் சார், உங்க பலகைக்கு மயக்கம் போல. ஒரு சோடா வாங்கிக் குடுங்க" என்றார் கணக்கு டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

அன்று மாலை மகள் காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "உள்ள வண்டு கத்துதுப்பா."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பலகைக்குள் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்பும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதுவும் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை எழுப்பும். டீச்சர் எது, பலகை எது என்று சுருளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்துக் காதில் கொட்டும்.

மறுநாளே தலைமையாசிரியையிடம் போனார். "அதை அணைச்சுட்டாப் போதும் மேடம்."

"முடியாதுங்க. தினமும் ஆறு மணி நேரம் ஓடணும். ஓடின நேரம் அதுக்குள்ளேயே பதிவாகுது. மாசாமாசம் ஆள் வந்து பார்ப்பாங்க."

"அதுல ஒண்ணுமே வரலையே!"

"வரலைன்னாலும் ஓடணும்."

"சரி, வகுப்பையாவது வேற அறைக்கு மாத்துங்க."

"ஆறாம் வகுப்புக்குன்னே பதிவாயிருக்கு. பலகையும் நகரக்கூடாது, வகுப்பும் நகரக்கூடாது." தலைமையாசிரியை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையா? கேட்டு வாங்கினது நீங்கதானே."



மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் அந்தப் பலகையின் பின்னால் கிடந்தார். பெட்டியைச் சுற்றி இரும்புத் தகடு அடித்தார். கம்பியைப் பலகையை விட்டு விலக்கிப் பதித்தார். தகடு கிழித்து விரல்களெல்லாம் காயம்.

"இப்ப எப்படிம்மா?"

"நல்லா கேக்குதுப்பா."

அவர் பள்ளி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சோடா கேட்ட கணக்கு டீச்சரிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "இப்பல்லாம் அவ பேட்டரி ரொம்ப நாள் வருதுங்க. ஒன்பது நாள்ல தீரும். இந்தத் தடவை பதினாறு நாள் வந்திருக்கு."

"பின்ன? அந்த இரைச்சலோட மல்லுக்கட்ட வேண்டாமே" என்றார் பெருமையாக. ஆனால் இரைச்சல் குறைந்ததற்காக ஒரு பேட்டரி இவ்வளவு நாள் வராது. கை தானாகக் கணக்குப் போட்டது. அவள் கருவியை மாட்டியிருப்பது நாளைக்குப் பதினாலு மணி நேரம், ஒன்பது நாள்: நூற்று இருபத்தாறு. அதையே பதினாறால் வகுத்தால் நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. தினமும் மீதி ஆறு மணி நேரம் கருவி ஓடவில்லை.

பள்ளி நடப்பதும் ஆறு மணி நேரம்தான்.

மகளின் எதிரே போய் உட்கார்ந்தார். "வகுப்புல மெஷினை அணைச்சு வெச்சிருக்கியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகவாயைத் தொட்டு நிமிர்த்தினார்.

"எப்ப இருந்து?"

"வண்டு வந்ததுல இருந்து. பொத்தானை மாத்தினா பெஞ்சு சத்தம்தான் வருது."

"அப்புறம் ஏன் நல்லா கேக்குதுன்னு சொன்னே?"

"உங்க கையெல்லாம் கிழிஞ்சிருந்துச்சுப்பா."

"டீச்சர் கேள்வி கேட்டா என்ன பண்ணுவே?"

"பக்கத்துல இருக்கறவ இடிப்பா. எழுந்திருச்சுத் தெரியாதும்பேன். அவங்களும் திட்ட மாட்டாங்க. உக்காரச் சொல்லிடுவாங்க. இப்பல்லாம் கேக்கறதே இல்ல."

அறிவியல் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். முதல் மூன்று பாடங்களின் ஓரமெல்லாம் அவளுடைய பொடி எழுத்து: டீச்சர் சொன்ன உதாரணங்கள், ஒரு சிரிப்புக் கதை, கேள்விக்குறிகள். நாலாம் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை வாங்கிய அன்று இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. தேர்வுக்கு இன்னும் இருபது நாள்.

"அப்பா சொல்லித் தரேன். நாலாம் பாடத்துல இருந்து வருவோம். என் வாயைப் பாரு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் உதடுகளையே பார்த்தாள். அவர் முதல் வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மெதுவாப்பா" என்றாள். "உதடு நடுங்குது. ஒண்ணும் புரியல."