மரத்தடியில் ஒரு பரீட்சார்த்தி

பரீட்சை மண்டப வாசலில் நின்ற மேற்பார்வையாளர் அம்மா குகதாசனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த ரோஸ் நிறக் கொம்பாஸ் பெட்டியைப் பார்த்தார். முடிவெடுத்து, வேப்பமரத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"பெற்றோர் எல்லாரும் மரத்தடியில இருங்கோ ஐயா. வாசலை மறிக்காதேங்கோ."

குகதாசன் வாயைத் திறந்தான். "ஓம் மிஸ்" மட்டும்தான் வந்தது. திரும்பிப் போய், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய் தகப்பன்மாரோடு வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டான்.

வேறு ஊர்க்காரன் என்றால் சட்டைப் பையிலிருந்த அனுமதி அட்டையை எடுத்து நீட்டியிருப்பான். வன்னிக்காரனுக்கு அது உடனே வராது. சோதனைச் சாவடியில் இறங்கு என்றால் இறங்கி, முகாமில் வரிசை அங்கே என்றால் அங்கே நின்று பழகிய உடம்பு. யாராவது கையை நீட்டிக் காட்டினால் கால் தன்பாட்டில் நடக்கும். மூளை பின்னால் சைக்கிளில் வந்து சேரும்.

வேலை செய்தபடி வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கான நுழைவுப் பரீட்சை அது. குகதாசனுக்கு வயது முப்பத்தெட்டு. அக்கராயன் வயல் வெயில் அதன்மேல் இன்னொரு பத்தைக் கூட்டி வைத்திருந்தது. கொம்பாஸ் பெட்டி மகள் யதுர்ஷிகாவுடையது. அப்பா பாஸ் பண்ண வேண்டுமென்று அவளாகக் கொடுத்ததை எப்படி மறுப்பது? ஊரில் கேட்டவர்களுக்கு உரம் எடுக்கக் கிளிநொச்சிக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தான்.

எல்லாம் ரொறன்ரோவிலிருக்கும் மச்சான் நிரஞ்சன் செய்த வேலை. ஐம்பதை நெருங்கும் வயதில் ஏதோ டிப்ளோமா முடித்து, தொப்பியும் கவுனுமாகப் படம் அனுப்பியிருந்தான். "இஞ்ச தலை நரைச்சதுகளும் வகுப்பில இருக்குதுகள் மச்சான். ஒருத்தரும் சிரிக்கிறேல்லை." கூடவே ஒரு வரைபடம். எந்த நாட்டில், வளர்ந்தவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்துக்கு மேலே படித்திருக்கிறார்கள் என்று. கனடாவின் கோடு உச்சியில் நின்றது. குகதாசன் நெல் மூட்டையில் சாய்ந்தபடி விரலால் தள்ளித் தள்ளி இலங்கையைத் தேடினான். நடுவில் இல்லை. அடியிலும் இல்லை. பணக்கார நாடுகளை மட்டும்தான் அளந்தார்கள் போலும். கடைசி என்றாலும் அது ஓர் இடம். இது கணக்கிலேயே இல்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அடுத்த கிழமை விண்ணப்பித்தான்.

மரத்தடியில் பக்கத்தில் இருந்தவர் முல்லைத்தீவிலிருந்து வந்த அருளம்மா. மடியில் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும்.

"என்ர மகள் டக்சாயினி எழுதுறாள். உங்கட பிள்ளை ஆர் ஐயா?"

"கிருபன்," என்றான். வாய் ஏன் அந்தப் பெயருக்குப் போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

"கெட்டிக்காரனோ?"

"கணக்கில அவனை அடிக்க ஆளில்லை. எனக்கே அவன்தான் சொல்லித் தாறவன்."

"பிள்ளையிட்டப் படிக்கிற தகப்பன்! நல்ல வடிவுதான்." அருளம்மா சிரித்தார். "என்ர தம்பி றெஜியும் பட்டம் எடுத்தவன். பரிஸ் ஹோட்டலில கோப்பை கழுவுறான். எங்கட படிப்பு அங்க செல்லாதாம். ஆனா கோப்பை மட்டும் பட்டதாரி கழுவின மாதிரி மின்னுதாம்."

குகதாசனும் சிரித்தான்.

கிருபனும் அவனும் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்து உயர்தரப் பரீட்சை எடுத்தவர்கள். இருவருக்கும் கம்பஸ் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி வந்தபோது சண்டையில் பாதை பூட்டியிருந்தது. பாதை திறந்தபோது கிருபன் இல்லை. குகதாசனுக்குத் தாயும் தங்கைகளும் இருந்தார்கள்; கண்ணிவெடி எடுத்து முடியாத வயலும் இருந்தது.

மணி அடித்தது.

"அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருத்தரையும் உள்ள விடமாட்டினமாம்," என்றார் அருளம்மா.

பிந்தி வந்த ஒரு பெட்டை செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடினாள். குகதாசன் அசையவில்லை. வீட்டுக்குப் போவது சுலபம். உரம் வரவில்லை என்றால் ஊர் நம்பும். உரம் வந்தது என்றால்தான் நம்பாது. இவ்வளவு நேரமும் அந்த அம்மா நீட்டிய கையில் பழியைப் போடலாம். இப்போது வாசலில் கையும் இல்லை. கதவு சும்மா திறந்து கிடந்தது.

"உங்கட மகன் உள்ள போனதைக் கண்டனீங்களோ?"

"இல்லை. அவன் வரேல்லை."

"வரேல்லையோ? பிறகென்ன ஐயா இஞ்ச இருக்கிறியள்?"

குகதாசன் எழும்பினான்.

"கிருபன் என்ர மகன் இல்லை அக்கா. என்னோட படிச்சவன். எழுத வந்தது நான்."

அருளம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. கிருபன் எங்கே என்றும் கேட்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. மகளுக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை அவன் கையில் திணித்தார்.

"விசரே உமக்கு? ஓடும் தம்பி, ஓடும்!"

வாசலை மிதித்ததும் உள்ளேயிருந்து அதே அம்மா வந்தார்.

"திரும்பவும் சொல்ல வேணுமோ ஐயா? பெற்றோர்..."

"பெற்றோர்தான் மிஸ்." அனுமதி அட்டையை நீட்டினான். "ஆனா எழுத வந்தனான்."

அவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பரீட்சை முடிந்துவிடும். குகதாசன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

சின்னப் பிள்ளைகளின் கதிரை. முழங்கால் மேசையில் முட்டியது. கொம்பாஸ் பெட்டியைத் திறந்தான். பேனாக்களோடு பூ மணக்கும் அழிறப்பர் ஒன்றும் இருந்தது. பக்கத்து மேசையில் இன்னொரு பரீட்சார்த்தியின் சுட்டெண் ஒட்டியிருந்தது, ஆள் இல்லை. பஸ்ஸைத் தவற விட்டிருக்கலாம். வயலுக்குத் தண்ணீர் திறந்திருக்கலாம். இன்னும் மரத்தடியில்கூட இருக்கலாம்.

அந்தக் கதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வினாத்தாளைத் திருப்பி, தன்னுடைய சுட்டெண்ணை எழுதத் தொடங்கினான்.