மூன்று பேருக்கு இரண்டு இருக்கை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கவில்லை. காரை விற்க ஒரு விளம்பரம் எழுதத்தான் உட்கார்ந்தேன். "விற்பனைக்கு: இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. அதிகம் ஓடாதது. பக்கத்து இருக்கையில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை."*

என் நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"அண்ணி, இதப் படிச்சுட்டு கார் வாங்க வருவாங்களா, துக்கம் விசாரிக்க வருவாங்களா?"

அதனால் கதையாக்கிவிடலாம் என்று தோன்றியது. கதைக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வாசல்வரை வருவதில்லை.

(* விற்பனையாளர் ஒருமுறை உட்கார்ந்தார். ஆனால் அது ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வேறு கார். கணக்கில் சேராது.)

2

முதல் தொடக்கம்: "வேகத்தின் மீது அவருக்குச் சிறு வயதிலிருந்தே தீராத..."

பொய். என் கணவர் பல் டாக்டர். படி இறங்கும்போதுகூடக் கைப்பிடியை விடாதவர்.

இரண்டாவது தொடக்கம்: "முதுமையின் வாசலில் நிற்கும் ஓர் ஆணின் மனம்..."

இதை எழுதியவளை எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது: ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஒரு கார் பாத்து வெச்சிருக்கேன், வாங்கிடலாமா?" என்றார். நாங்கள் பதில் சொல்வதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவர். பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

நாத்தனார் அவருடைய தங்கை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் இருப்பவள். கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். அவருக்கு அவள் 'மேனேஜர்'. எங்கே போனாலும் மூவரும்தான். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில். அவள் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் இடையே தலையை நீட்டி வழி சொல்வாள். [இவளை அளவுக்கு மீறி நல்லவளாக எழுதுகிறேனோ என்று சந்தேகம். எழுத எழுதத் தாளைப் பிடுங்கிப் படிக்கிறாள். வேறு வழியில்லை.]

ஷோரூமில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு விற்பனையாளரைக் கூப்பிட்டாள்.

"பின்சீட் எங்க தம்பி?"

"இதுல பின்சீட் கிடையாது மேடம்."

"பாதி காரைத்தான் செஞ்சிருக்கீங்க. அப்ப பாதி விலை போடுங்க."

கணவர் உள்ளே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தார். சீட் தரையோடு தரையாக இருந்தது. எழுந்துகொள்ள முடியவில்லை. நான் ஒரு கையையும் அவள் ஒரு கையையும் பிடித்து, அசைத்து அசைத்து இழுத்தோம்.

"கடைவாய்ப் பல்லு மாதிரி வர்றீங்களேண்ணா."

"மரத்துப்போக ஊசி போடாம இழுத்தா அப்படித்தான் வரும்."

வெளியே வந்ததும் மூச்சு வாங்கியபடியே விற்பனையாளரிடம் சொன்னார்: "இதையே எடுத்துக்கறேன்."

4

புதுக் கார் கைக்கு வந்த அன்று பழைய காரை அங்கேயே கொடுத்துவிட்டோம். சாவியை வாங்கியவர், தன் பக்கம் போகாமல் மறுபக்கம் போனார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஏறுங்க அண்ணி."

"நீ ஏறும்மா. உன் அண்ணன்தானே."

"கட்டிக்கிட்டவங்க நீங்க நிக்கும்போது நானா?"

"நான்தான் எப்பவும் முன்னால உக்கார்றேனே. நீ போ."

"வேணாம். அப்புறம் காலம் பூரா சொல்லிக் காட்டுவீங்க."

"நான் எப்ப சொல்லிக் காட்டினேன்?"

"இப்பத்தான். நீங்கதான் எப்பவும் முன்னால உக்கார்றதா."

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. அவர் கதவை மெல்லச் சாத்தினார். நாங்கள் இருவரும் வாடகைக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, முன்னால் தனியாகப் போகும் சிவப்புக் காரைப் பார்த்தபடியே வீட்டுக்கு வந்தோம்.

"ஞாயித்துக்கிழமை ஆளுக்கு ஒரு ரவுண்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அவர்...

இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். மாரடைப்பு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

5

கதவை யாருக்காகத் திறந்தார்? கதை எழுதுபவள் நான். இதை முடிவு செய்யும் உரிமை எனக்கு இருக்கிறது.

முடிவு அ: எனக்காக. இவ்வளவு காலம் எங்கள் நடுவே நீண்டிருந்த ஒரு தலை இல்லாமல், ஒரே ஒருமுறை என்னோடு தனியாகப் போக ஆசைப்பட்டார். இதை எழுதியபோது மனம் நிறைந்தது. பக்கத்து அறையில் அவள் இருமும் சத்தம் கேட்டது. தாளைத் திருப்பிப் போட்டேன்.

முடிவு ஆ: அவளுக்காக. ஆயுள் முழுக்கப் பின்னாலேயே உட்கார வைத்தவளை ஒருமுறை முன்னால் உட்கார வைக்கத்தான், பின்சீட்டே இல்லாத காராகத் தேடிப் பிடித்தார். கதைக்கு இதுதான் நன்றாக இருக்கிறது. எழுதி முடித்துவிட்டு அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை.

முடிவு இ: இப்போது நாங்கள் இரண்டே பேர், காரிலும் இரண்டே இருக்கை. கச்சிதம். அடித்துவிட்டேன். எங்களுக்கு இடம் விடுவதற்காக அவர் போகவில்லை.

6

நேற்று மூன்றையும் அவளிடமே கொடுத்தேன். அடித்ததையும் விடாமல் படித்தாள்.

"உங்களுக்குன்னே எழுதிடுங்க அண்ணி. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"உனக்குன்னுதான் எழுதலாம்னு இருந்தேன்."

"வேணாம். நீங்கதான்."

"நீதாம்மா."

சொல்லிவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டோம்.

ஆகவே, படிப்பவரே, இதை உங்களிடம் விடுகிறேன். எங்களிடம் கேட்காதீர்கள், இருவருமே மற்றவளைத்தான் கைகாட்டுவோம். அண்ணியோ நாத்தனாரோ, யாரையாவது தோளைப் பிடித்து ஏற்றிவிடுங்கள். பின்னால் வண்டி நிற்கிறது, கொஞ்சம் சீக்கிரம். எப்படி வேண்டுமானாலும் முடியட்டும்.

அவர் தனியாகப் போகக் கூடாது. அவ்வளவுதான்.